ஏழாம் நம்பர் கறுப்பு ஷூ

ஓணத்திலிருந்து விஷு வரை என் மனைவியின் கால் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. கால் பார்த்துச் சோறு தின்றவன் நான். அது என்ன சொல்கிறது என்று கேட்காமல், ஒவ்வொரு தடவையும் ஒரு நம்பர் கூட்டி வேறு ஷூ எடுத்துக் கொடுத்தேன். இப்போது அவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடிவைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. எதற்குமே எனக்குப் பொறுமை இருந்ததில்லை என்பதுதான் பிரச்சினையே.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், களியக்காவிளைக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறித் திருவனந்தபுரம் வந்தேன். ஊர்க்காரர் ஒருவர் ஹோட்டலில் சேர்த்துவிட்டார். சாம்பார் வாளியோடு ஓடும் வேலை மூன்று நாள்கூட நிற்கவில்லை. சாப்பிட வந்தவர் சாம்பார் ஆறியிருக்கிறது என்று சொல்ல, நான் ஏதோ திருப்பிச் சொல்ல, அன்றைக்கே வெளியே வந்துவிட்டேன். பழவங்காடி கணபதி கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு செருப்புக் கடையில் ஆள் வேண்டும் என்றார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை என்று நம்பிப் போனேன். உட்காரத்தான் செய்தேன், மற்றவர்கள் காலடியில்.

கடை இருந்தது நல்ல இடம். கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்தவர்கள் நேராக எங்கள் படியேறுவார்கள். தார் ரோட்டுச் சூட்டில் ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றி, பிள்ளையார் மேலேயே கோபத்தோடு வருவார்கள். நிறம் பார்க்க மாட்டார்கள், மாடல் கேட்க மாட்டார்கள். "ஏதெங்கிலும் ஒண்ணு தா சேட்டா, எட்டு மதி" என்பார்கள், எட்டே போதுமாம். நான் காலை ஒரு பார்வை பார்த்து, "எட்டு கேறூல்லா சாரே, ஒன்பது" என்று ஒன்பதை எடுத்து வைப்பேன். ஒன்பதுதான் சரியாக இருக்கும்.

இரண்டு வருஷத்துக்குள் எனக்கு அந்தக் கண் வந்துவிட்டது. ஆள் படியேறும்போதே அளவு தெரிந்துவிடும். ஏழு, அகலக் கால், இடது கொஞ்சம் பெரிசு, இப்படி. முதலாளி கம்பெனிக்காரர்கள் வந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். காலை வைத்து அளக்கும் இரும்புப் பலகை ஒன்று கடையில் இருந்தது. மற்றவர்கள் அதை எடுப்பார்கள், நான் எடுக்க மாட்டேன். எடுப்பது எனக்குக் கௌரவக் குறைச்சல். ஒருமுறை ஒரு பெரிய அதிகாரி, பலகையில் வைத்துப் பார் என்று கட்டாயப்படுத்தினார். வைத்தேன். நான் சொன்னதே வந்தது. அன்று முழுக்க என் கால் தரையில் படவில்லை.

ஒரு மனிதனுக்கு ஒரு அளவுதான் என்று நினைப்பவர்கள் செருப்புக் கடையில் வேலை பார்த்ததில்லை. ரப்பர் செருப்பில் குதிகாலுக்குப் பின்னால் சுண்டுவிரல் அகலம் மிச்சம் வேண்டும், இல்லையென்றால் மழைக்காலத்தில் சேறு முதுகுவரை தெறிக்கும். பின்வார் வைத்த செருப்பில் மிச்சமே இருக்கக் கூடாது. மூடிய ஷூவில் முன்னால் கட்டைவிரல் அகலம் காலியாக இருக்க வேண்டும், பின்னால் குதிகால் கவ்வி நிற்க வேண்டும். தோல் போகப்போக விட்டுக்கொடுக்கும். ரெக்ஸின் கடைசிவரை விட்டுக்கொடுக்காது. எல்லாருக்கும் இரண்டு காலில் ஒன்று பெரிது, பெரிய காலுக்குத்தான் எடுக்க வேண்டும். இதையெல்லாம் நான் ஒரு வாத்தியாரைப் போல ஒப்பிப்பேன். கேட்க வந்தவர்கள் கேட்டார்கள், கேட்காதவர்களை நான் விடவில்லை.

வித்துரா பக்கத்திலிருந்து எஸ்டேட் பெண்கள் வருவார்கள். வீட்டில் இருப்பவர்களின் காலுக்கு ஈர்க்குச்சியை அளந்து ஒடித்துக் கொண்டுவருவார்கள். ஒரு அம்மாள் கைப்பையைத் திறந்து நாலு குச்சியை எடுத்து வைப்பாள், இது மூத்தவனுக்கு, இது அவருக்கு என்று. எனக்கு எரிச்சலாக வரும். "குச்சி நீளந்தான் சொல்லும் சேச்சி, அகலம் சொல்லாது. ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்று எரிந்து விழுவேன். பின்னாளில் கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் பையன்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று என்று வெளிநாட்டு நம்பர் சொல்வார்கள். அவர்களையும் விடவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருந்தது. மூடிய ஷூவைச் சாயங்காலம் வாங்க வேண்டும். நின்றும் நடந்தும் சாயங்காலம் கால் கொஞ்சம் பெருத்திருக்கும். காலையில் இருப்பதுதான் அசல் கால், அதற்கு எடுத்தால் பொழுது சாயும்போது கடிக்கும். இந்த விதியை நான் சொல்லாத ஆள் எங்கள் கடை இருந்த கிழக்கேகோட்டையில் இருந்திருக்க மாட்டார். காலையிலும் ஒரு கால் வீங்கியே இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பெண் பார்க்கப் போன இடத்தில் நான் முகத்தைவிட முதலில் காலைத்தான் பார்த்தேன். காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பினாள். அஞ்சு, ஒல்லிக் கால், இரண்டாம் விரல் நீளம். மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் கடையிலிருந்து ஒரு ப்ரௌன் நிற வார்ச் செருப்பு, அஞ்சாம் நம்பர், எடுத்துக் கொடுத்தனுப்பினேன். கல்யாணமான மறுநாள் அவள் என்னிடம் முதலில் கேட்டதே அதைப் பற்றித்தான்.

"எனக்க அளவு உங்களுக்கு ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லல்ல."

"அளக்காமலா?"

"நீ காப்பி வச்சிட்டுப் போனேல்லா, அப்பப் பாத்தேன்."

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் அங்குமிங்கும் நடந்து பார்த்தாள். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அன்றைக்கு அவளுக்கு என்மேல் ஒரு நம்பிக்கை விழுந்தது. விழாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

மணக்காட்டில் ஒரு சந்தில் வாடகைக்கு இரண்டு அறை பிடித்தோம். பிள்ளை பிறக்கவில்லை. வீட்டில் சும்மா இருந்து என்ன செய்ய என்று அவள் சாலைக் கம்போளத்துப் பக்கம் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவுக்கு வேலைக்குப் போனாள். அங்கே பெண்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. காலையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றால் கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்திலும் சாய்ந்து நிற்கக் கூடாது. சாயங்காலம் வேலை முடிந்து கோயில் முனையில் வந்து எனக்காகக் காத்திருப்பாள். நேர்ச்சைக்கு வந்தவர்கள் தேங்காய் உடைத்துக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பாள். அன்றைய நாளில் அவள் சாய்வது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் மெதுவாக மணக்காட்டுக்கு நடப்போம்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷத்தில் துணிக்கடையைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டார்கள். அந்த ஓணத்துக்கு வேலை பார்க்கும் பெண்களுக்கு ஒரே நிறச் சேலையும் மூடிய கறுப்பு ஷூவும் கட்டாயம் என்று உத்தரவு வந்தது. வாசலிலேயே சூப்பர்வைசர் நின்று காலைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். அவள் என்னிடம் வந்து சொன்னபோது எனக்கு ஒரே சந்தோஷம். அவளோடு வேலை பார்த்த பத்துப் பன்னிரண்டு பேருக்கும் நானே அளவு பார்த்து எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் சிரித்துக்கொண்டே வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். அவள் பக்கத்தில் நின்று, "பலகையெல்லாம் வேண்டாம், அவருக்குப் பாத்தாலே தெரியும்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அவளுக்கு அஞ்சு எடுத்தேன். ரெக்ஸின்தான், ஆனால் நல்ல வேலை.

தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் வழியில் சொன்னாள்.

"இஞ்ச பாருங்க, அந்த ஷூ கொஞ்சம் பிடிக்குது."

"பிடிக்கத்தான் செய்யும். ஷூ பின்ன என்ன, கொஞ்சவா செய்யும்?"

"இல்ல, சாயங்காலம் ஆனா கழத்த முடியல்ல."

"நாள் முழுக்க நிக்கியே, வீங்காம இருக்குமா? எல்லாவளுக்கும் அப்படித்தான் இருக்கும்."

எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது, அதுதான் வினை. அந்தக் கடையில் நிற்கிற எல்லாப் பெண்களுக்கும் சாயங்காலம் கால் வீங்கும். கூட்டத்தில் அவள் காலும் ஒன்றாகிவிட்டது. மறுநாள் ஆறாம் நம்பர் எடுத்துக் கொடுத்தேன். அஞ்சு எடுத்தது என் தப்பு என்று எனக்குள் ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. அதை மூடுவதற்காக, புதுக் கம்பெனிச் சரக்கு, அளவு குறைத்து வைக்கிறான் என்று கம்பெனிமேல் பழி போட்டேன். அவள் நம்பினாள்.

நடுவில் ஒரு காரியம் நடந்தது. அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் கடைக்கு வந்தால் நாங்கள் ஒரு நம்பர் கூட்டித்தான் தருவோம். எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் காலைப் பார்த்ததும் எனக்கு அந்த நினைப்பு வந்துவிட்டது. முகமும் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. மெல்லக் கேட்டேன், "ஏட்டி, ஏதாவது விசேஷமா?" அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள். "இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனாள். வெகு நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவள் காலைப் பற்றிப் பேச்செடுக்க எனக்கே பயமாக இருந்தது. அவளும் எடுக்கவில்லை.

கிறிஸ்துமஸ் சமயம் ஆறும் பற்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழாம் நம்பரை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தேன். கூடவே, அந்த அதிகாரிக்குத் தவிர நான் தொடாத இரும்புப் பலகையையும் எடுத்து வந்தேன். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, கடையில் வாடிக்கையாளர் முன்னால் உட்காருவதுபோலவே கீழே உட்கார்ந்தேன். அவளுக்குக் கூச்சம். "என்ன இது, நீங்க போய் எனக்க காலடியில" என்று காலை இழுத்துக்கொண்டாள். "சும்மா இருட்டி, இது எனக்க தொழிலாக்கும்" என்று காலைப் பிடித்துப் பலகையில் வைத்தேன்.

நீளம் அஞ்சேதான். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. நான் அன்றைக்கு அந்தக் காப்பித் தட்டோடு பார்த்த அளவு தப்பவில்லை! "பாத்தியா, நீளம் அஞ்சுதான். உனக்க காலு அகலந்தான் வச்சிருக்கு" என்று வெற்றி பெற்றவன்போலச் சொன்னேன். அகலம் ஏழுக்குப் போயிருந்தது. அகலத்துக்காக ஏழைப் போட்டால் நீளம் மிஞ்சும், குதிகால் கழன்று கழன்று வரும். அதற்கும் என்னிடம் வழி இருந்தது. முன்னால் கொஞ்சம் பஞ்சு, உள்ளே ஒரு தடித்த உள்ளங்கால் அட்டை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து வெட்டி ஒட்டினேன்.

பிறகு ஷூவைப் போட்டு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், எங்கள் எல்லோருக்கும் கைப்பழக்கமான காரியம் அது. கழற்றினேன். அதே கைப்பழக்கத்தில் அவள் புறங்காலிலும் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அங்கேயே இருந்தது. பிசைந்த மாவில் விரல் வைத்ததுபோல, என் விரல் அடையாளம். அவளும் குனிந்து பார்த்தாள்.

"பாத்தீங்களா, உங்க விரலு போகவே மாட்டேங்குது" என்று சிரித்தாள்.

"செருப்பு வார் பதிஞ்ச இடம்" என்றேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. விடிந்து எழுந்தவள் வாசல்படி தாண்டவில்லை, எந்த வாரும் போட்டிருக்கவில்லை. காலையில் இருப்பதுதான் அசல் கால் என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய் என்னுடையது. குழி மெல்ல மெல்ல நிரம்பி மேலே வந்தது. இரண்டு பேரும் அது நிரம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நான் பஞ்சைச் சரிசெய்ய ஆரம்பித்தேன்.

எத்தனை தடவை அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பிப் போயிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. போய், அவள் கையைப் பிடித்து எழுப்பி, ஒரு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். ஆட்டோ கிள்ளிப்பாலம் தாண்டும்போது அவள் என்னிடம், "இதுக்குப் போயா ஞாயிற்றுக்கிழமையக் கெடுத்தீங்க" என்று சண்டை போடுவாள். மனதுக்குள் எனக்குப் பிடித்த சண்டை அது.

விஷு நெருக்கத்தில் துணிக்கடையில் கூட்டம் மூச்சு முட்டியது. அவளுக்கும் மூச்சு முட்டியது. மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள் என்று அவளோடு வேலை பார்த்த ஒரு சேச்சி எங்கள் கடைக்கு ஓடிவந்தாள். பாறசாலைக்காரி, தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள். நான் வெறுங்காலோடு ஓடினேன். யாரோ ஒருவர் காலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவன், அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசுக்காரர். அவள் முகத்தைப் பார்த்தார், கண்ணுக்குக் கீழே பார்த்தார், காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். என்னைப் போலவேதான் அழுத்தினார். குழி விழுந்தது. அவர் குழியைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "இந்த நீர் எத்ர நாளாயிட்டு உண்டு?"

நான் அதற்குப் பதில் சொன்னேன். யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு துல்லியமாகத் தெரியும். "ஓணத்துக்கு அஞ்சு சார். தீபாவளிக்கு ஆறு. கிறிஸ்துமஸுக்கு ஏழு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. என்ன அஞ்சு, என்ன ஆறு என்று கேட்டார். ஷூ நம்பர் என்று சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். "நிங்களுக்கு எந்தாணு ஜோலி?" என்று மட்டும் கேட்டார். செருப்புக் கடை என்றேன். அவர் நான் சொன்ன மூன்று மாதங்களையும் சீட்டில் எழுதிக்கொண்டார். ஒரு நோய் எப்போது தொடங்கியது, எப்போது ஏறியது, எப்போது கைமீறியது என்று ஒன்றுவிடாமல் என்னிடம் இருந்தது. நோய் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு கிட்னியும் போயிருந்தது. முன்னாலேயே வந்திருந்தால் மருந்தில் பிடித்து நிறுத்தியிருக்கலாமா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர், குனிந்து அடுத்த சீட்டை எழுத ஆரம்பித்தார்.

பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தத்தைச் சுத்தம் பண்ணப் போனோம். நான் அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். மிஷின் ஓட ஓட உடம்பிலிருந்து நீர் இறங்கும். என் கண் எனக்குத் துரோகம் செய்யவில்லை, அது பார்த்துக்கொண்டேதான் இருந்தது. ஏழு, ஆறரை, ஆறு. அடுத்த தடவை போவதற்குள் திரும்ப ஏறும். ஒரு மாதம் கழித்து ஏறுவதும் குறைந்தது, ஏனென்றால் ஏறுவதற்கு அவளிடம் உடம்பே மிச்சமில்லை. கால் மெலிந்து, கல்யாணத்தில் பார்த்த அதே கால் வந்தது. இரண்டாம் விரல் நீளமாக, ஒல்லியாக.

பிறகு வார்டிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அங்கே ஒருநாள் அவளே கேட்டாள்.

"எனக்க அந்த ப்ரௌன் செருப்பு இருக்கா?"

இருந்தது. அட்டைப் பெட்டியில் மரத்தூள் போட்டு வைத்திருந்தாள், பூஞ்சை பிடிக்காமல் இருக்க. மறுநாள் எடுத்துப் போய் அவள் காலில் மாட்டிவிட்டேன். வார் ஒரே இழுப்பில் அதன் பழைய துளையில் போய் நின்றது. என் தோளைப் பிடித்து எழுந்தாள். வார்டு ஜன்னல்வரை போனாள். அங்கே நின்று வெளியே பார்த்துவிட்டுத் திரும்பி என்னிடம் சொன்னாள்.

"உங்களுக்கு ஒருநாளும் தப்பாது, கேட்டீங்களா. அஞ்சுன்னா அஞ்சுதான்."

நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன். அவள் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். அன்றைக்கு அவள் கை கழுவப் போனபோது எதற்கு அவ்வளவு நேரம் தண்ணீர் ஓடியது என்று அப்போதுதான் புரிந்தது.

விஷுவில் தொடங்கி எட்டு மாதம் இருந்தாள். ஊருக்குக் கொண்டுபோய்த்தான் அடக்கம். உறவுக்காரர்கள் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டினார்கள். நான் அங்கேதான் நின்றேன். எல்லாரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். என் பார்வை காலுக்குத்தான் போனது. அஞ்சு. மனதுக்குள் நம்பர் சொல்லாமல் இருக்க அப்போதும் என்னால் முடியவில்லை. அந்தக் கண்ணைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது.

திரும்பி வந்து அதே கடையில்தான் சேர்ந்தேன். வேறு என்ன தெரியும் எனக்கு? ஒரே ஒரு வித்தியாசம். போன வருஷம் இந்த நம்பர்தான், இப்போது பிடிக்கிறது, ஒரு நம்பர் கூட்டித் தா என்று யாராவது கேட்டால், எழுந்துபோய் எடுக்க மாட்டேன். புறங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்துவேன். குழி நின்றால், ஷூ இல்லை, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்பேன். சிலர் முறைத்தார்கள். ஒரு அம்மாள் முதலாளியிடம் புகார் சொன்னாள். முதலாளி என்னைத் திட்ட வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவள் போய் ஒரு மாதம் இருக்கும். பாறசாலைக்காரச் சேச்சி சாயங்காலம் ஒரு துணிக்கடைப் பையோடு கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து கொஞ்ச நேரம் பையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"கவுண்டர மாத்திப் போட்டாங்க அண்ணா. அடியில இது இருந்தது. அவளோடதாணு. கொண்டுவரணுமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன்."

பையில் ஏழாம் நம்பர் கறுப்பு ஷூ இருந்தது. நான் பஞ்சு வைத்த ஷூ. கையில் எடுத்ததும் தொழில் புத்தி, திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தேன். கிறிஸ்துமஸிலிருந்து விஷு வரை நாளெல்லாம் நின்ற ஷூவின் அடி எப்படித் தேய்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தேயவே இல்லை. குதிகால் அடியில் கம்பெனி முத்திரை அப்படியே எழுத்தெழுத்தாக இருந்தது. பின்பக்கம் மட்டும் மிதிபட்டு மடங்கிக் கிடந்தது.

"இத அவ போடல்லியா?" என்று கேட்டேன்.

"வாசல் தாண்டுற வரைக்கும் போடுவா. சூப்பர்வைசர் பாத்ததும் உள்ள வந்து கழத்தி அடியில தள்ளிருவா. சேலைக் கரை தரையத் தொடும்லா, ஆருக்கும் தெரியாது. நாள் முழுக்க வெறுங்காலோடதான் நிப்பா. சாயங்காலம் ரப்பர் செருப்பு. கிறிஸ்துமஸ் தொட்டே அப்படியாக்கும்."

ரப்பர் செருப்பு யாரையும் காட்டிக்கொடுக்காது. எந்தக் காலையும் அது ஏற்றுக்கொள்ளும். தினமும் அந்த ரப்பர் செருப்போடுதான் அவள் என் பக்கத்தில் மணக்காடுவரை நடந்து வந்தாள். ஷூ இப்போது சரியாக இருக்கிறதா என்று நான் கேட்டபோதெல்லாம், ரொம்பச் சரி என்றாள்.

"நான் எத்ர சொன்னேன் அவகிட்ட. உன் ஆளு செருப்புக் கடையிலதானே, எட்டு வாங்கித் தரச் சொல்லுன்னேன்" என்றாள் சேச்சி. "கேக்க மாட்டா. மறுபடி போய் பிடிக்குதுன்னு சொன்னா அவருக்கு வெஷமமாவும், மனசு சங்கடப்படும்னு சொல்லுவா. அவரு இருந்து பஞ்செல்லாம் வச்சு, ஒட்டித் தந்ததாக்கும். ஷூவில ஒரு குத்தமும் இல்ல, எனக்க காலுதான் சரியில்லன்னு சொல்லுவா."

நான் ஷூவை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். படியில் யாரோ ஏறி வந்து, ஆறாம் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார்கள். முதலாளியே எழுந்து போய் எடுத்துக் கொடுத்தார்.